கழுத்தில் புள்ளி இல்லாத பென்னி

என் வீட்டுக்காரர் ஒரு காசைக் கண்டுபிடித்தார். அவர் அதை உண்மையாகவே கண்டுபிடித்தார் என்று இன்றைக்கு நம்புகிற ஆள் நான் ஒருத்திதான். நானும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்ன நேரம் பார்க்காமல் விட்டவளும் நான், பிறகு ஒருவருமே பார்க்க முடியாதபடி செய்தவளும் நான்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. யார் எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவேன். கேட்டவர் போய்விடுவார், எனக்கும் நிம்மதி. இந்தக் கதையை மகளிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எழுதினால் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். மகள் கல்யாணம் செய்து இல்ஃபோர்ட் பக்கம் போய்விட்டாள். அவர் ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே வந்து ஒரு மூலைக் கடையில் காசு வாங்கிப் போடுகிற வேலை. அந்தக் கடையில் யாரோ ஒரு கிழவி சில்லறையோடு சில்லறையாகப் பழைய பென்னி ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள். முதலாளி செல்லாத காசு என்று தள்ளிவிட, இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படித்தான் தொடங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கிற கார் பூட் சேலுக்குப் போவார். பழைய பென்னிகளைப் பை பையாகக் கொட்டி விற்பார்கள், ஒருவரும் வாங்க மாட்டார்கள். இவர் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

பிறகு கிழமை முழுக்க மேசையில் பழைய பேப்பரை விரித்து நாங்கள் இரண்டு பேரும் காசு பார்ப்போம். பழைய பென்னி பெரியது, உள்ளங்கையில் பாதியை மூடிவிடும். கை கறுத்து ஒரு செம்பு நாற்றம் வரும். எனக்கு ராசாக்களின் பெயர் வாயில் வராது. கொண்டை போட்ட ராணி, முக்காடு போட்ட ராணி, வழுக்கை ராசா, தாடி ராசா என்று நானே பெயர் வைத்துப் பிரித்துப் போடுவேன். மறுபக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், ஒரு கையில் சூலம், பக்கத்தில் கேடயம்.

“இஞ்சருங்கோ, இது அம்மனெல்லோ,” என்று முதல் நாள் கேட்டேன்.

அவர் சிரித்தார். “அம்மனில்லையப்பா. இது இவையின்ரை நாடு. நாட்டைப் பொம்பிளையாக் கீறி வைச்சிருக்கினம்.”

“சூலம் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறா.”

“ஓம், கடலைக் காக்கிறாவாம்.”

“அப்ப அம்மன்தான்,” என்றேன். அவருக்கு முன்னால் மட்டும் எனக்கு அப்படிக் கதைக்க வரும்.

ஒரே வருடத்துக் காசிலும் சாதாரணம், அபூர்வம் என்று இரண்டு சாதி உண்டு என்பதை அவர்தான் காட்டித் தந்தார். வழுக்கை ராசாவின் முதல் வருடக் காசில் அம்மனுக்குப் பின்னால் கடல் ஒரு கோடாக ஓடும். அவளுடைய கால் ஒன்றின்மேல் ஒன்று மடங்குகிற இடத்தில் அந்தக் கோடு வந்து முட்டினால் சாதாரணக் காசு. அதற்குக் கீழே நின்றுவிட்டால் அரிது. “இது பெருக்கு, இது வற்று,” என்று அவர் சொன்னவுடன் எனக்கு விளங்கிவிட்டது. முக்காட்டு ராணியின் ஒரு வருடத்துக் காசில் சூலத்துக்கும் பக்கத்து எழுத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அபூர்வமான காசில் இரண்டு. பக்கத்து டூட்டிங் கடையில் வாங்கிய விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, சரியாக இரண்டு மில்லிமீட்டருக்குச் சீவி என் கையில் தந்தார்.

“இது இடைவெளிக்குள்ளை இருந்துதெண்டா என்னைக் கூப்பிடும். எழுத்திலை ஏறிச்சுதெண்டா விட்டிடும். படிப்பெல்லாம் தேவையில்லை. அரிசியிலை கல்லுப் பாக்கிற கண் காணும்.”

எத்தனையோ காசில் ஈர்க்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அது அடங்கவில்லை.

அவருக்கு ஒரு காசுக் கிளப் இருந்தது. மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு சேர்ச் மண்டபத்தில். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். தலைவர் நல்ல உயரம், பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். ஒரு தடவை நானும் வடை சுட்டுக்கொண்டு போனேன். கோட்டுக் கொழுவி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

அன்றைக்கு அவர் ஒரு வற்றுக்கடல் காசு கொண்டுபோயிருந்தார். எழும்பி நின்று அறிவித்தார். காசு கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. அது நல்லாய்த் தேய்ந்த காசு. தலைவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேய்ந்ததால் கோடு கீழே தெரிகிறதே தவிர இது சாதாரணம்தான் என்றார். கடைசியில் இருந்த ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பஸ்ஸில் வரும்போதுதான் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“காசு மேசையைச் சுத்தி வாறதுக்குள்ளை கடல் பெருகிட்டுதாம்,” என்றார். அந்தக் கிழமை முழுக்கச் சாப்பாட்டைக் குழைத்துக் குழைத்து வைத்துவிட்டு எழும்பினார். கவுன்சில் கடிதம், கடை முதலாளியின் ஏச்சு என்று எத்தனையோ அவமானத்தைத் தூசு மாதிரித் தட்டிவிட்ட மனிதர். அந்தச் சிரிப்பை மட்டும் அவரால் தட்டிவிட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் தேடியது தாடி ராசாவின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருடக் காசை. அந்த ராசாவின் கழுத்து வெட்டுப்படுகிற இடத்தில், ஓர் எறும்புத் தலை அளவில், செதுக்கியவரின் இரண்டு எழுத்து இருக்கும். அந்த வருடத்துச் சாதாரணக் காசில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. கொஞ்சக் காசில் மட்டும் புள்ளி இல்லை. எழுத்தும் பிடரிப் பக்கமாகத் தள்ளி இருக்கும். கடல்கோடு மாதிரி இதில் வாதாட இடமில்லை. புள்ளி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

மாரி காலத்துச் சனிக்கிழமை அது. மத்தியானம், யன்னலால் கொஞ்சம் வெயில் வந்துகொண்டிருந்தது. நான் அடுப்பில் செத்தல் மிளகாய் தாளித்துக்கொண்டு நின்றேன். முன்னறையிலிருந்து அவர் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது.

“இஞ்சாரும்! கெதியா வாரும். இதைப் பாரும்.”

ஈரக் கையோடு போனேன். பூதக்கண்ணாடியைக் காசுக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தார்.

“புள்ளி இருக்கோ?”

என் கண்ணெல்லாம் மிளகாய்ப் புகை. சட்டி கருகப்போகிறது என்கிற நினைப்பு. கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டே, “ஓம்,” என்றேன்.

“என்ன ஓம்? இருக்கோ, இல்லையோ?”

“நீங்கள் சொன்னாச் சரிதானே.”

“உம்மட்டைப் போய்க் கேட்டனே!” என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் சட்டியைப் பார்க்க ஓடிவிட்டேன்.

பிறகு கேட்டால் காட்டுவார்தானே என்று இருந்தேன். அவர் உடனே தலைவருக்குப் போன் எடுத்தார். செவ்வாய்க்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். சீனிப் போத்தல் மூடி ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் காசை வைத்து, யன்னல் தட்டில் வைத்தார். மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார். “இந்த முறை கடல் பெருகாது,” என்று அதைப் பார்த்தே சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் பல் விளக்கப் போனவர் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. மகள் ஆஸ்பத்திரிக்கு நேரே வந்துவிட்டாள். அவருடைய உடுப்பு எடுத்துவர நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

வந்தவள் உடுப்பு எடுக்கவில்லை. அவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் கரைத்து நனைத்தேன். நேர்த்திக் காசு முடிய வேண்டும். உயிரைத் தா, அவரை நடந்து வரச் செய், அவர் தன் காலால் நடந்து கோயிலுக்கு வந்து இந்தக் காசை உண்டியலில் போடுவார் என்று அம்மனிடம் தாலிப்பிச்சை கேட்டேன். கைப்பையில் இன்றைக்குச் செல்லுகிற சில்லறை கொஞ்சம் இருந்தது, ஒன்றிலும் அம்மன் இல்லை. அம்மனுக்கு நேருகிறவள் அம்மன் இருக்கிற காசைத்தானே எடுப்பாள்? யன்னல் தட்டில், பஞ்சின்மேல், தனியாக ஒன்று கிடந்தது. சூலமும் கேடயமுமாக அவள் அதில் இருந்தாள்.

அது எந்தக் காசு என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்ததா? இதைப் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தெரியாமல் இருக்க வழியில்லை. அவருக்குப் பெரிதாக இருந்ததைக் கொடுத்தால்தான் கேட்டது கிடைக்கும் என்று கை நினைத்ததோ என்னவோ. ஈரத் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்தேன். நேர்த்தி முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த முடிச்சில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

அவர் பிழைத்தார். வீட்டுக்கு வரும்போது மரங்கள் துளிர்த்துவிட்டன. வலப் பக்கக் கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து தூக்குவது மாதிரி வந்தது. கட்டிலில் இருந்து யன்னலைப் பார்த்தவர் முதலில் கேட்டது இதுதான்:

“மூடி… எங்கை?”

மூடி இருந்தது. பஞ்சும் இருந்தது.

மகள் அவருடைய காசுத் தட்டுகளை எல்லாம் கொட்டித் தேடினாள். கட்டிலுக்குக் கீழே, கம்பளத்துக்குக் கீழே, தூசு உறிஞ்சுகிற மெஷினின் பைக்குள்கூடத் தேடினாள். நானும் அவளோடு குனிந்து தேடினேன். தேடுகிற மாதிரித் தேடினேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அவிழ்க்கச் சொல்வார். அவருக்கு அம்மனும் ஒன்று, நாட்டுக்குக் கீறின பொம்பிளையும் ஒன்று. அவிழ்த்த அன்றைக்கே மறுபடி விழுந்துவிட்டால்? கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை, கோடைக்குள் நடந்துவிடுவார் என்று சொல்லியிருந்தாள். நான் அதில் தொங்கிக்கொண்டிருந்தேன். நடக்கட்டும், கோயில் வாசலில் முடிச்சை அவிழ்த்து அவர் கையில் கொடுக்கிறேன், ஒரு நிமிடம் பார்க்கட்டும், தலைவரையும் கூட்டிவந்து காட்டட்டும், பிறகு உண்டியலில் போடட்டும். இத்தனை நாள் வைத்திருந்த அம்மன் ஒரு நாள் பொறுக்க மாட்டாளா என்று கணக்குப் போட்டேன்.

கிளப் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். ஒரு குலை முந்திரிகைப்பழம் கொண்டுவந்தார். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, இவருடைய விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தார். ஏளனமாக ஒரு சொல் இல்லை. மகள் எனக்குக் காதுக்குள் சொன்னாள்.

“ஸ்ரோக் வாறதுக்கு முதல் கண் இல்லாததைக் காட்டுமாம், அம்மா. தன்ரை தமையனுக்கும் அப்பிடி நடந்ததாம். அப்பா வெக்கப்பட ஒண்டுமில்லையாம். கிளப்பிலை எல்லாருக்கும் தான் சொல்லிவிட்டாராம்.”

அந்த மனிதர் ஏசியிருந்தால் நான் வாய் திறந்திருப்பேனோ தெரியாது. அவர் இரக்கப்பட்டுவிட்டார்.

அவர் போன பிறகு இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவர் சொல்லுறது… சரி போலை. அப்பிடி ஒரு காசு… இருக்கேல்லைப் போலை. என்ரை கண்… என்னை ஏமாத்திப்போட்டுது. என்ன?”

படம் இருந்த தட்டு கட்டிலிலிருந்து ஐந்து அடி. மஞ்சள் முடிச்சு அங்கே தெரிந்துகொண்டு இருந்தது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“ஓம்,” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் காசு பார்க்கவே இல்லை. அது பரவாயில்லை. தன் கண்ணில் விழுகிற எதையும் அவர் நம்பாமல் விட்டதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. “வாசல்லை நிண்டது மகளோ?” என்பார். மகள் அவருக்கு முன்னால் வந்து, கொஞ்சிவிட்டுப் போயிருப்பாள். “வெளியிலை பெய்யிறது மழையோ?” என்பார். “உது என்ரை கையோ?” என்று ஒருநாள் கேட்டார். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார். அந்தத் தபால் கந்தோரில் கிறுக்கல் விலாசத்தை எல்லாம் ஒரு பார்வையில் படிக்கிறவர் என்று பெயர் எடுத்த மனிதர். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பயிற்சிப் பிள்ளை எழும்பி நிற்கச் சொன்னால், நிலம் அங்கே இருக்கிறதா என்று என்னைப் பார்ப்பார்.

கோடை போனது. அவர் நடக்கவில்லை. அடுத்த கோடையும் போனது. அந்த மாரியில், ஒரு காலையில், தேத்தண்ணி கொண்டுபோகும்போது அவர் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மகளும் போன பிறகு முடிச்சை எடுத்தேன். அவிழ்க்க வரவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். துணி காசோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. உரித்தால் உள்ளே பச்சை. சாதாரணக் களிம்பு இல்லை, பாசி பிடித்த மாதிரிப் பொருக்குப் பொருக்காக. வெள்ளிக்கு வெள்ளி நான் தெளித்த தண்ணீர், இரண்டு வருடமாக அங்கே இருந்து தின்றிருக்கிறது. அம்மன் பக்கம் அவ்வளவு மோசமில்லை. சூலம் தெரிந்தது, கீழே வருடமும் தெரிந்தது: இருபத்தாறு. ராசாவைத் திருப்பினேன். தாடி இருந்தது. கழுத்து இருந்த இடத்தில் ஒரு பச்சைக் குழி.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். காலை வெயிலில் பார்த்தேன், மின்சார விளக்கில் பார்த்தேன், ஈரமாக்கிப் பார்த்தேன், காயவைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு நொடி குனியாதவள், இப்போது நாள் முழுக்கக் குனிந்திருந்தேன்.

அடுத்த முதல் செவ்வாய்க்கிழமை, தனியே பஸ் ஏறி அந்தச் சேர்ச் மண்டபத்துக்குப் போனேன். பஸ்ஸில் இருந்துகொண்டு இரண்டு இங்கிலீஷ் வசனம் பாடமாக்கினேன். நான் பார்த்தேன். புள்ளி இல்லை. அவ்வளவுதான் தேவை. மனைவி பார்த்தாள் என்றால் நம்புவார்கள். பொய்தான். ஆனால் நான் சொன்ன பொய்யெல்லாம் அவருக்கு எதிராகவே போயிருந்தது, ஒன்றாவது அவருக்காகப் போகட்டும் என்று நினைத்தேன்.

தலைவர் என்னைக் கண்டதும் எழும்பி வந்து, கோட்டுக் கொழுவிப் பக்கம் போக விடாமல், தன் பக்கத்தில் இருத்தினார். சுற்றி வந்த கைலேஞ்சித் துணியை விரித்துக் காசை மேசையில் வைத்தேன். அவர் விளக்கை இழுத்துக் கனநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். காசு கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. இந்த முறை ஒருவரும் பகிடி விடவில்லை.

பிறகு அவர் தன் பெட்டியைத் திறந்து, தன்னுடைய காசு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ராசாவின் கழுத்து வெட்டில், பிடரிப் பக்கமாக, இரண்டு சின்ன எழுத்து. பக்கத்தில் ஒன்றுமில்லை. வெறும் செம்பு. அரை நொடிகூட எடுக்கவில்லை. கல்லில்லாத அரிசி எவ்வளவு கெதியாகக் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவு கெதி.

அவர் என் காசைத் தொட்டுக் காட்டி, மெல்ல, எனக்கு விளங்குகிற இங்கிலீஷில் கேட்டார்: இப்படி ஆகுவதற்கு முதல், நீங்கள் இதைப் பார்த்தீர்களா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாடமாக்கிய இரண்டு வசனமும் நாக்கில் இருந்தன. வாழ்க்கை முழுக்க, பார்த்ததுக்கும் பார்க்காததுக்கும் கேட்ட உடனே ஓம் என்று சொன்ன வாய் இது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது அவருடைய முகம் மட்டும்தான். கட்டிலில் கிடந்துகொண்டு என் வாயைப் பார்த்த முகம்.

“நோ,” என்றேன். சத்தம் வந்ததோ தெரியாது. இன்னொரு தரம் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். கழுவினால் மிச்சமும் போய்விடும், கழுவ வேண்டாம் என்று சைகையால் காட்டினார். காசை ஒரு சின்னக் கடதாசி உறைக்குள் போட்டார். அவர்கள் எல்லாக் காசுக்கும் அப்படி ஓர் உறை வைத்து மேலே எழுதுவார்கள். அவர் பென்சிலால் வருடத்தை எழுதினார். கீழே எந்த வகை என்று எழுதுகிற இடத்துக்கு மேலே பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒன்றும் எழுதாமல் என் கையில் தந்தார்.

அந்த உறை இப்போது குசினியில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உண்டியலில் போடவில்லை, அவர் நடந்து வந்து போடவேண்டிய காசு அது. அவருடைய காசுத் தட்டில் வைக்கவும் எனக்கு முகமில்லை. தாளிக்கிற நேரமெல்லாம் கண்ணில் படும். அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றேன். சட்டி கருகியிருந்தால் கருகியிருக்கும். கையைத் துடைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் ஒரு தரம் குனிந்திருந்தால் போதும்.